மூன்று போத்தல் ரத்தமும் ஒரு பெரட்டுக் காலையும்

அன்பு மகனுக்கு, பதுளையிலிருந்து உன் சித்தப்பா எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொல்லியிருந்தேன். நீ கப்பலேறுவாய் என்று உனக்கு நாலரை வயதில், பதுளை ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னவன் நான். வேண்டுமென்றால் உன் சின்னம்மாவைக் கேள். அவள் அப்போது என்னைக் கல்யாணமே கட்டியிருக்கவில்லை, அது வேறு விஷயம். உன் மாமனார் வீட்டாருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வரும், உனக்கும் கூடவே வரும், எனக்கும் உன் அம்மாவுக்கும் வராது என்றும் சொன்னேன். அப்படியே ஆயிற்று. அஞ்சாம் வகுப்புக்கு மேல் படித்திருந்தால் நான் சோசியனாகப் போயிருப்பேன். துணிக்கடையில் முழக்கோலோடு நின்று காலம் போய்விட்டது.

நீ பசறையில் உன் மாமனார் வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாய். ஒரு பஸ் ஏறினால் நான் அங்கே வந்து நேரில் பேசலாம். பேசினால் என்ன ஆகும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேச்சு என்று வந்தால் என் வாய் தானாகப் பூ வைத்துக்கொள்ளும், பொட்டு வைத்துக்கொள்ளும். எழுதினால் கை மெதுவாகத்தான் போகிறது. ஒவ்வோர் எழுத்தாக நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை பதுளை ஸ்டேஷனில் ரயிலேறுகிறாய். எல்ல ஸ்டேஷனில் நிற்கும், பண்டாரவளையில் நிற்கும், அப்புத்தளையில் நிற்கும். அப்புத்தளையில் இறங்கினால் கீழே தோட்டத்துக்கு ஒரு மணி நேர நடை. அங்கே வரிசை வீடுகளில் நாலாம் லயத்தில் உன் அம்மா இருக்கிறாள். அவளுக்கு நீ ஒரு தபாலட்டை போட்டிருக்கிறாய். "வியாழக்கிழமை போகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்." அவ்வளவுதான் அதில் இருந்ததாம். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார், பிறகு கடைக்கு வந்தபோது என்னிடமும் சொன்னார். அவள் இலங்கைப் பிரஜையாக இருக்க எழுதிப் போட்டவள். நீ கடல் தாண்டினால் அவள் வர முடியாது, நீ திரும்ப முடியாது. ஆகையால் நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு நாள் முந்தி புறப்படு. புதன்கிழமை அப்புத்தளையில் இறங்கு. அவளிடம் போ.

நீ போக மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும். உன் நெஞ்சிலும் வயிற்றிலும் இடது கையிலும் இருக்கிற தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு அவள் ஞாபகம் வருகிறது. அந்தக் கதையை நீ நூறு தரம் கேட்டிருக்கிறாய், நான்தான் சொன்னேன். இன்னொரு தரம் கேள்.

உன் அப்பா, என் அண்ணன், மேலே மரம் சாய்ந்து இறந்துபோனபோது உனக்கு ஒரு வயது. அதற்குப் பிறகு அந்த லயத்துக் காம்பராவில் அவளும் நீயும்தான். நான் அப்போதே பதுளைக்கு வந்து முதலாளியின் துணிக்கடையில் சேர்ந்துவிட்டேன். வருசத்துக்கு இரண்டு மூன்று தரம் தோட்டத்துக்குப் போவேன், வெள்ளைச் சட்டையும் கைக்கடிகாரமுமாக. கடிகாரம் ஓடாது, ஆனால் பளபளக்கும். அப்படி ஒரு தடவை போயிருந்தபோது நல்ல பனிக்காலம். அப்புத்தளைப் பனி உனக்குத் தெரியும். காலையில் கதவைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வந்து அடுப்படியில் குந்திக்கொள்ளும். எதிர் லயம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. எங்கோ தப்பு அடிக்கிற சத்தம் மட்டும் பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல வரும். அது பெரட்டுக்கு எழுப்புகிற தப்பு. விடியுமுன் எல்லாரும் போய் வரிசையாக நின்று, கங்காணி தலையெண்ணி, இன்ன மலைக்குப் போ என்று அனுப்பினால்தான் அன்றைக்கு வேலை. பிந்திப் போனவள் திரும்பி வரவேண்டியதுதான்.

டவுனிலிருந்து வந்த கொழுந்தன் பச்சைத் தண்ணீரில் குளிப்பானா என்று அவள் எனக்காகப் பெரிய சட்டியில் வெந்நீர் வைத்திருந்தாள். நான்தான் கேட்டேன், அதை மறைக்கவில்லை. தரையோடு மூன்று கல் அடுப்பு. தப்புச் சத்தம் நின்றுவிட்டது. பிந்திவிட்டது என்று உன் அம்மா கொதிக்கிற சட்டியை அப்படியே அடுப்பில் விட்டுவிட்டு, உன்னைப் பற்றி யாரிடமும் சொல்லாமல், கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் அப்போது பீலியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். உன்னைப் பிள்ளைக் காம்பராவில், பிள்ளை பார்க்கிற ஆயாவிடம் விட்டுவிட்டுத்தான் போயிருப்பாள் என்று நினைத்தேன். நீ எழுந்து, குளிருக்கு அடுப்புக்குப் பக்கத்தில் போய், சட்டியின் விளிம்பைப் பிடித்து இழுத்திருக்கிறாய்.

இதுதான் உனக்குத் தெரிந்த கதை. இதை வைத்துக்கொண்டுதான் நீ அவளுக்கு எழுதாமல் இருந்தாய், போகாமல் இருந்தாய். சரி, அதற்குப் பிறகு நடந்ததையும் கேள், அதில் பாதி உனக்குத் தெரியாது.

லயத்துப் பெண்கள் ஓடிவந்து முட்டை வெள்ளையைப் பூசினார்கள். தோட்டத்து மருந்துக்காரர் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "இது என் மருந்துக்கு அடங்காது, பதுளைக்குக் கொண்டு ஓடுங்க" என்றார். வாழை இலையை வெட்டி உன்னை அதில் கிடத்தினோம். தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி ஒன்று புறப்பட நின்றது. டிரைவரைப் பிடித்து நிறுத்தியது நான்தான். லொறிக்குக் குறுக்கே படுத்தேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். படுக்கவில்லை, கை காட்டினேன், அவன் நின்றான். உன் அம்மா மலையிலிருந்து ஓடிவந்தாள். கூடைக் கயிறு தலையிலேயே இருக்கிறது, கூடையில் ஒரு பிடி கொழுந்து கிடக்கிறது, அவிழ்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கூடையோடேயே லொறியில் ஏறினாள்.

அந்தப் பயணம் எனக்கு இன்னும் கனவு போலத்தான் இருக்கிறது. பனிக்குள் லொறி போகிறதா, பனிதான் எங்களைத் தூக்கிக்கொண்டு போகிறதா என்று தெரியவில்லை. பெட்டிகளிலிருந்து புதுத் தேயிலை வாசம். நீ அழவில்லை. அதுதான் பயம். நீ இலையில் கிடந்தபடி கண்ணைத் திறந்து, "சித்தப்பா, நாம மேகத்துல போறமா" என்று கேட்டாய். "ஆமாடா, மேகத்துலதான் போறோம்" என்றேன். அது ஒன்று நான் சொன்னதில் சுத்த உண்மை. பண்டாரவளை தாண்டியபோது மேகம் பிரிந்தது. தூரத்தில் நமுணுகுல மலை நீலமாக நின்றது. உன் உதடு வெள்ளையாக இருந்தது. "தண்ணி" என்றாய். உன் அம்மா முந்தானையை நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டே வந்தாள். பதுளை வரும்வரை அவள் கை நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்தவர். மெலிந்த ஆள், மூக்குக்கண்ணாடி, கோபக்காரரைப் போல முகம். உன்னைப் பார்த்ததும் யாரையும் திட்டவில்லை, நர்ஸிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். உன் கையில் ரத்தக் குழாய் கிடைக்கவில்லை, எல்லாம் சுருங்கிப் போயிருந்தது. கணுக்காலில் சின்னதாகக் கீறி அதற்குள் குழாயைப் போட்டார்கள். உன் வலது கணுக்காலில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறதே, அதுதான். பிறகு ஒரு போத்தலில் ஏதோ மஞ்சள் தூள், நர்ஸ் அதில் தண்ணீர் விட்டு, உன் சின்னம்மா பால்மா கரைப்பது போலக் கரைத்து, தலைகீழாகத் தொங்கவிட்டாள்.

எனக்குச் சும்மா இருக்க முடியுமா. "ஐயா, பிள்ளைக்கு ரத்தமில்லையா ஏத்தணும், இது என்ன சாயத்தண்ணி" என்று கேட்டேன்.

"நீர் ஆர், பிள்ளையின்ர தகப்பனோ?"

"சித்தப்பன் ஐயா. டவுன்ல துணிக்கடையில மேனேஜர்." அப்போது நான் துணி மடிக்கிறவன்.

"அப்ப மேனேஜர் கேளும். கூடையில ஓட்டை விழுந்தா தண்ணி ஒழுகும், அரிசி நிக்கும், என்ன. தோல் வெந்தா அதுதான். ரத்தத்தில இருக்கிற தண்ணி எல்லாம் புண்ணாலை ஒழுகிப்போகுது. மிச்சம் இருக்கிறது களி மாதிரித் தடிச்சு ஓடாமல் நிக்கும். இது ஆரோ குடுத்த ரத்தத்திலை இருந்து எடுத்த தெளிவு. முதல் இரண்டு நாளும் இதுதான் பிள்ளையின்ர உயிர். சிவப்பு ரத்தம் பிறகு வேணும். அப்ப உம்மட்டைக் கேப்பன், ஓடிப்போகாதையும்."

நான் ஓடிப்போகிறவனா. முதல் இரண்டு பகலும் அந்தப் போத்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். சொட்டு, சொட்டு, சொட்டு. ஜன்னலால் வெயில் வந்து போத்தலில் விழும்போது அது தேன் போல மின்னும். நீ காலை ஆட்டினால் குழாய் கழன்றுவிடும். பிள்ளை காலை ஆட்டாமல் இருப்பானா. "அது என்னா சித்தப்பா" என்று கேட்டாய். நமுணுகுல மலையில் இருக்கிற தேனீக்கள் உனக்காகச் சேர்த்த தேன் என்றேன். நீ அசைந்தால் தேனீக்கள் கலைந்து போய்விடும் என்றேன். அதிலிருந்து ஆரம்பித்து, ராணித்தேனீக்கு ஒரு மகன், அவன் கடல் தாண்டிப் போகிறான், கப்பலுக்கு மெழுகால் பாய் கட்டுகிறான் என்று இழுத்துக்கொண்டே போனேன். நீ கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டு கிடந்தாய். கால் ஆடவில்லை. டாக்டர் ஒருநாள் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "மேனேஜர், உம்மட வாய்க்கு இஞ்ச ஒரு உத்தியோகம் குடுக்கலாம்" என்றார். அந்த வேலையை நான்தான் வேண்டாம் என்று சொன்னதாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவர் கேலிக்குச் சொன்னது. நீ கப்பலேறுவாய் என்று நான் சொன்ன சோசியமும் இந்தத் தேனீக் கதைதான்.

ஒரு வாரத்துக்குப் பிறகு நீ சுண்ணாம்பு போல வெளுத்துப் போனாய். இனி சிவப்பு ரத்தம் வேணும், ஆட்களைக் கொண்டு வாரும் என்றார் டாக்டர். தோட்டத்துக்குப் போய்க் கேட்டேன். ஒருவரும் கண்ணில் படவில்லை. தப்பாக நினைக்காதே. ஒரு போத்தல் ரத்தம் போனால் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற கையில் பலம் போய்விடும், கூடை தூக்குகிற தோள் இறங்கிவிடும், அப்புறம் யார் வேலை கொடுப்பார் என்று அவர்களுக்குப் பயம். கடைக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் முழக்கோலைக் கீழே வைத்தார். "ஊசியக் கண்டா எனக்கு மயக்கம் வாரது தம்பி. பரவாயில்ல. ஜும்ஆ முடிச்சிட்டு வாரன். நீங்க முன்னுக்குப் போங்க" என்றார். வந்தார். ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கொடுத்தார். கொடுத்து முடிந்ததும், "இனி எண்ட கடைக்கு வேல செய்ய வரச்சொல்லுங்க அந்தப் பிள்ளைய, எண்ட ரத்தம் ஓடுதே" என்று சிரித்தார். ரத்தத்துக்கும் பொருத்தம் பார்ப்பார்கள் மகனே, கல்யாணத்துக்குப் பார்ப்பது போல. ஒரு கண்ணாடியில் அவன் சொட்டையும் இவன் சொட்டையும் கலந்து பார்ப்பார்கள். சேர்ந்தால் சேர்ந்தது, திரிந்தால் ஆகாது. சாதி, சமயம், ஜாதகம் ஒன்றும் அந்தக் கண்ணாடியில் ஏறாது. முதலாளிக்கும் உனக்கும் பொருந்தியது. எனக்கும் உனக்கும் பொருந்தியது. என் ரத்தத்தைப் பார்த்த நர்ஸ் இப்படி ஒரு சிவப்பைக் கண்டதில்லை என்றாள். சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது.

இங்கே ஒன்றைத் திருத்த வேண்டும். மூன்று போத்தலும் சித்தப்பா கொடுத்தது என்று உன்னை வளர்த்திருக்கிறேன். உன் கல்யாணப் பந்தலில் கூட உன் மாமனாரிடம் அப்படித்தான் சொன்னேன். ஒன்று முதலாளி, ஒன்று நான். மூன்றாவது உன் அம்மா.

நான் கொடுத்த அன்றே அவளும் வந்து வரிசையில் நின்றாள். முதலில் தராசில் ஏற்றி நிறை பார்ப்பார்கள், இவ்வளவுக்குக் கீழே இருந்தால் எடுக்க மாட்டார்கள். உன் அம்மா அப்போது ஈர்க்குச்சி. ஆனால் ஏறினாள், முள் போதுமான இடத்துக்கு வந்து நின்றது. நர்ஸ் தலையாட்டினாள். இறங்கும்போது சேலைக் கொசுவத்துக்குள்ளிருந்து ஒரு கல் சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டது. ஆற்றங்கரையில் பொறுக்கிய வழுவழுப்பான கல். எல்லாரும் கல்லைப் பார்த்தோம். இன்னொன்று விழுந்தது. டாக்டர் கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன பிள்ளை இது?" என்றார்.

"எங்க தோட்டத்துல நிறுக்கையில எறாத்தல் கொறைஞ்சா இப்படித்தாங்க ஐயா, கொழுந்துக்கு அடியில வைப்போம்" என்றாள் அவள். தலையைக் குனியவில்லை.

"இது கொழுந்துத் தராசு இல்லை தங்கச்சி. இஞ்ச கல்லு வச்சால் நீர்தான் விழுவீர். பிறகு பிள்ளையை ஆர் பாக்கிறது?"

"நாலு பேரு இருக்காங்கய்யா பாக்க. எடுங்க."

அவர் எடுக்கவில்லை. சாப்பிட்டு நிறை கூட்டிக்கொண்டு வா, தோல் ஒட்டுகிறபோது இன்னும் ரத்தம் வேண்டும், அப்போது பார்க்கலாம் என்றார். முதலாளி வீட்டு உம்மா தினம் ஒரு கிண்ணத்தில் ஈரல் பொரித்து அனுப்பினார். உன் அம்மா ஆட்டுக்கறி வாசமே பிடிக்காதவள். வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மூக்கைப் பொத்தாமல் அதைத் தின்பாள். வாந்தி எடுப்பாள். மறுபடியும் தின்பாள். வாரத்துக்கு ஒருநாள் தராசில் ஏறுவாள், ஏறுமுன் நர்ஸிடம் முந்தானையை உதறிக் காட்டுவாள். ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ முள் வந்தது. தொடையில் தோல் எடுத்து உன் நெஞ்சில் ஒட்டிய அன்று உனக்குள் போனது அவளுடைய போத்தல். நீ அதற்கும் தேனீக் கதை கேட்டாய். நான் சொன்னேன், இது சிவப்புத் தேன், ராணியே கொடுத்தது என்று. அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு நீ என்னோடேயே தங்கினாய். ஒவ்வொரு வாரமும் கட்டு மாற்ற வேண்டும், கை மடங்கிப் போகாமல் நீட்டிப் பழக்க வேண்டும். தோட்டத்திலிருந்து அது நடக்காது. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், மத்தியான ரயிலில் வந்து மாலை ரயிலில் போவாள். முதலில் நீ அவள் மடியில் உட்காருவாய். ஏழு எட்டு வயதில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உன் கையைப் பார்த்துச் சிரித்த நாளில், "எனக்கு ஏன் இப்படி ஆச்சு" என்று கேட்டாய். நான் கதையைச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது நீ பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாய். அவள் கொண்டு வந்த பேரிக்காயை என்னிடம் கொடுத்துவிட்டு, ரயில் நேரம் வரும் வரை உட்கார்ந்திருந்தாள். போகப் போக மாதத்துக்கு ஒரு தரம், பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும்.

உன் கல்யாணத்தில் நீ என் காலிலும் சின்னம்மா காலிலும் முதலில் விழுந்தாய். எனக்கு மார்பு விரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். அவள் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் லயத்து ஆட்களோடு நின்று, வருகிறவர்களுக்கு டம்ளர் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெற்றவள் நிற்கிற இடமா அது. கூப்பிட்டு முன்னால் நிறுத்தியிருக்க வேண்டியவன் நான். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என் இடம் கொஞ்சம் குறையும் என்று எனக்கு உள்ளுக்குள் இருந்தது.

இனி உனக்குச் சில புத்திமதி. இந்தியாவில் கேட்கிறவர்களிடம் நம் ஊரைப் பெரிதாகவும் சொல்லாதே, சிறிதாகவும் சொல்லாதே. தழும்பை மறைக்க வெயிலில் முழுக்கைச் சட்டை போடாதே, கேட்டால் வெந்நீர் என்று சொல், அவ்வளவு போதும். அடுப்பை இடுப்பளவு மேடையில் வைத்துக் கட்டு, எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும். யாராவது ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்டால் கொடு. குறையாது. நான் கொடுத்த மறுநாள் துணிக்கட்டு சுமந்திருக்கிறேன், இரண்டு கட்டு என்று எழுத வருகிறது, ஒன்றுதான். உன் பெண்சாதி ஒன்றும் பேசாமல் இருந்தால், ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. பேசாதவர்களிடம்தான் நிறைய இருக்கும். இதைக் கற்க எனக்குப் பதினாறு பதினேழு வருசம் ஆயிற்று.

நேற்றுப் பகல் முழுவதும் கடையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே மழைத்தூறல். துணிகளின் வாசத்தில் அரைத் தூக்கம். அந்தப் பனிக்காலை மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அது அடிக்கடி வரும், ஆனால் ஒவ்வொரு தடவையும் நான் அதற்கு வேறு சட்டை போட்டு அனுப்பிவிடுவேன். நேற்று அது சட்டை இல்லாமல் வந்தது.

அந்தக் காலையில் உன் அம்மா என்னை எழுப்பினாள். நீ தூக்கத்தில் சிணுங்கிக்கொண்டிருந்தாய். நான் வாசல்படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்ததும், உன்னைத் தூக்கி வந்து என் மடியில் வைத்து, கம்பளியை இருவருக்கும் சேர்த்துச் சுற்றிவிட்டாள். "தம்பி, வெந்நி கொதிச்சிருச்சு, எறக்கி வச்சுக்குங்க. பிள்ளைக் காம்பரா தொறந்ததும் ஆயாகிட்ட புள்ளைய விட்டுருங்க" என்றாள். "போங்க அண்ணி, பெரட்டுக்குப் பிந்துது. நான் என்ன சின்னப் பிள்ளையா" என்றேன். அவள் போய் மேகத்துக்குள் மறைந்தாள். உன் தலை என் நெஞ்சில் சூடாக இருந்தது. பீலியடியில் இரண்டு மூன்று ஆட்கள் நின்றார்கள். "டவுன்காரரே, வாங்க, டவுன்ல என்னா விசேசம்" என்று கூப்பிட்டார்கள். உன்னை இறக்கி அடுப்புக்குப் பக்கத்தில், சூடாக இருக்கட்டும் என்று, சாக்கில் உட்காரவைத்தேன். சட்டியை இறக்காமலே போய்ப் பேசினேன். முதலாளி கடையை என் பெயருக்கு எழுதிவைக்கப் போவதாகச் சொன்னேன். அவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள், பிறகு ஒன்று சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் உன் முதல் கத்தல் எனக்குக் கேட்கவில்லை.

லொறி ரோட்டில் பெரிய கங்காணி, "யாருய்யா புள்ளைய விட்டுட்டுப் போனது" என்று அதட்டினார். நான் வாயைத் திறந்தேன், அது தானாக வந்தது. அண்ணிதான் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாங்க என்றேன். உன் அம்மா கூடையோடு ஓடிவந்து நின்றது அந்தச் சொல் விழுந்த நேரம். என்னைப் பார்த்தாள். லொறியில் ஏறினாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில், "அண்ணி, நான் அன்னைக்கு அங்க சொன்னது" என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை. "சொன்னது சொன்னதாவே இருக்கட்டும் தம்பி. வாரா வாரம் கட்டு மாத்தணுமாம், டாக்டர் ஐயா சொன்னாரு. பதுளையில புள்ளைய வச்சுக்க உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா. நீங்க தலை குனிஞ்சு ஓடிட்டீங்கன்னா என் புள்ளைக்கு வீடு இல்லாமப் போயிரும்" என்றாள். பிறகு உள்ளே போய் உன் நெற்றியைத் தடவினாள்.

புதன்கிழமை நீ நாலாம் லயத்துக்குப் போனால், அந்த வாசலில் நின்று, அக்கம்பக்கத்துக் காம்பராக்களுக்கும் கேட்கும்படி இந்தக் கடைசி இரண்டு வரியையும் சத்தமாகப் படி. பெரட்டுக்குப் போகுமுன் அவள் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுத்தான் போனாள். யாரிடமும் சொல்லாமல் ஓடினாள் என்றது நான் கட்டிய பொய்.